பழமைக்குப் புதுப் பளபளப்பா?

பழம்பொருளை மினுக்கிவிட்டால் அதைக் காப்பாற்றியாயிற்று என எண்ணுவோர் பலர். ஜப்பானிய மெருகுப் பேழைகளின் கதை அதை மறுக்கிறது.

அம்மெருகு நாம் அறிந்த அரக்கன்று. அரக்கு பூச்சி தருவது. இதுவோ மரத்தின் பால், பெயர் உருஷி. ஈரக்காற்றில்தான் இது இறுகும் என்பது விந்தையன்றோ! இறுகியபின் ஸ்பிரிட்டுக்கும் அசையாது. ஆனால் வெளிச்சம் இதற்குப் பகை. ஆண்டாண்டாக ஒளிபட்டால் மேற்பரப்பில் நுண்ணிய வெடிப்புகள் ஓடும். பிறகு ஈரத்துணி பட்டாலே ஊறு நேரும். மேனாட்டார் பலர் இதன்மேல் வார்னிஷ் பூசினர். அது நாளடைவில் மஞ்சளித்துத் தங்கப்பொடிச் சித்திரங்களை மங்கவைத்தது.

1640-ஐ ஒட்டிக் கியோட்டோவில் உருவான ‘மஸாரின் பேழை’ இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது. 2004-இல் அதைச் சீர்செய்யத் தொடங்கியவர்கள் இரு கொள்கைகளுக்கும் இடையே வழிதேட வேண்டியிருந்தது. நீர்த்த உருஷியை வெடிப்புகளில் ஊட்டி, மிஞ்சியதைத் துடைத்தெடுப்பது ஜப்பானிய மரபு. சேர்த்த எதையும் பின்னால் அகற்ற முடியவேண்டும் என்பது மேனாட்டார் கட்சி.

நான் ஜப்பானியர் பக்கமே. ஊட்டிய உருஷியை மீட்டெடுக்க இயலாது, மெய்தான். உதிர்ந்த தங்கத்தை மட்டும் மீட்க இயலுமா? ஆனால் வெடிப்பை அடைத்ததோடு கை நிற்கவேண்டும். பழுப்பேறிய கறுப்பு பழுப்பாகவே இருக்கட்டும்.