பூட்டிக் கிடந்ததைச் செத்தது என்றார்கள்

"கமிட் நின்றால் கதை முடிந்தது." சென்னையில் மென்பொருள்காரர்கள் கூடும் மேடைகளில் இந்த வாசகத்தைப் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். பேசுபவர் மாறுவார், திரையில் ஓடும் படங்கள் மாறும், உதாரணம் மட்டும் மாறாது: கோட்இக்னைட்டர். ஒரு காலத்தில் எல்லோரும் பயன்படுத்திய பிஹெச்பி ஃப்ரேம்வொர்க், பிறகு தூங்கிப்போனது, எழுப்பப் பார்த்தார்கள், பயனில்லை, விவரமானவர்கள் அப்போதே வெளியேறிவிட்டார்கள் என்று போகும் அந்தப் பேச்சு. கடைசியில் ஓர் அறிவுரை: நின்றுபோன திட்டத்தைத் தட்டி எழுப்பி நேரத்தைத் தொலைக்காதீர்கள், புதிதாகத் தொடங்குங்கள். கைதட்டல் விழும்.

அந்த அரங்கில் உட்கார்ந்திருக்கும் இளைஞர்களில் பலர் திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் திறக்கப்போவது கோட்இக்னைட்டரில் எழுதிய நிரலைத்தான். செய்யும் வேலையை நினைத்து அவர்களைக் கூச வைத்து அனுப்புகிறார்கள் இந்தப் பேச்சாளர்கள். அதனால்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

கமிட் கணக்கை, அதாவது நிரலில் புதிய மாற்றங்கள் பதிவாகும் கணக்கை, முதலில் முடித்துவிடலாம். நோட் ஜேஎஸ்ஸின் ஃப்ரேம்வொர்க்கான எக்ஸ்பிரஸின் 4ஆம் பதிப்பு 2014இல் வந்தது. 5ஆம் பதிப்பின் முதல் சோதனை வடிவமும் அதே ஆண்டில் வந்துவிட்டது. முழுமையான 5.0 வெளிவர 2024 ஆனது. அந்தப் பத்தாண்டும் நோட் ஜேஎஸ் உலகம் எக்ஸ்பிரஸின் மேல்தான் ஓடிக்கொண்டிருந்தது. கிட்ஹப்பில் பச்சைக் கட்டங்கள் குறைந்ததை வைத்துச் சாவு எழுதுபவர்கள் இதற்கு ஒரு விளக்கம் சொல்லட்டும்.

அடுத்த வாதம்தான் எனக்கு ஆறவே ஆறாதது. "ஓப்பன் சோர்ஸ்தானே? நிரல் திறந்து கிடக்கிறது. வேண்டுமென்றால் யாரும் ஃபோர்க் எடுத்துக்கொள்ளலாம், அதாவது நகலெடுத்துத் தனிக் கிளையாக நடத்தலாம். யார் கையில் இருக்கிறது என்பதெல்லாம் ஒரு பிரச்சினையா?" சொல்லும்போது சுதந்திரத்தின் குரல் போலவே ஒலிக்கும். ஆனால் கோட்இக்னைட்டருக்கு நடந்தது என்ன என்று ஒருமுறையாவது பார்த்திருந்தால் இதைச் சொல்ல வாய் வராது.

கோட்இக்னைட்டரை 2006 பிப்ரவரியில் வெளியிட்டது எல்லிஸ்லாப் என்ற அமெரிக்க நிறுவனம். அவர்கள் விற்றுப் பிழைத்த பொருள் எக்ஸ்பிரஷன்எஞ்சின். கோட்இக்னைட்டர் அதிலிருந்து பிரித்தெடுத்து இலவசமாகக் கொடுத்தது. சின்னது, வேகமானது, கூடவே தெளிவான வழிகாட்டி நூல். ஜிப் கோப்பை இறக்கி, விரித்து, எஃப்டிபியில் ஏற்றினால் மலிவான ஷேர்டு ஹோஸ்டிங்கிலும் ஓடும். பிஹெச்பியை உருவாக்கிய ராஸ்மஸ் லெர்டார்ஃப் ஃப்ரேம்வொர்க்குகளைப் பெரிதாக மதிப்பவர் அல்ல. அவரே 2008இல் ஒரு மாநாட்டில் இதைப் பற்றி நல்ல வார்த்தை சொன்னார்.

சிக்கல் 2011இல் தொடங்கியது. அடுத்த பெரிய பதிப்பான 3.0ஐ வேறோர் உரிமத்தில், ஓஎஸ்எல் 3.0 என்ற கெடுபிடியான உரிமத்தில் வெளியிடப்போவதாக எல்லிஸ்லாப் சொன்னது. ஜிபிஎல்லோடு ஒத்துப்போகாத உரிமம் அது. வாடிக்கையாளருக்கு எழுதிக்கொடுக்கும் நிரலை இது எப்படிக் கட்டுப்படுத்தும் என்று டெவலப்பர்கள் குழம்பினார்கள், வாதாடினார்கள். 3.0 வெளிவரவில்லை. 2013 ஜூலையில் நிறுவனமே முன்வந்து, இதைக் கவனிக்க எங்களிடம் ஆள்பலமில்லை, புதிய உரிமையாளரைத் தேடுகிறோம் என்று அறிவித்தது. நிரல் அப்போதும் கிட்ஹப்பில் இருந்தது. எழுத ஆள் இருந்தார்கள், 3.0க்கான வேலையில் பெரும்பகுதி முடிந்திருந்தது. இருந்தும் வெளியே வரவில்லை. வீடு பூட்டிக் கிடந்தால் பூட்டை உடைத்துக்கூட உள்ளே போகலாம். பட்டா யார் பெயருக்குப் போகும் என்று தெரியாத வீட்டுக்கு யார் வெள்ளையடிப்பார்கள்?

2014 அக்டோபர் 6 அன்று, கனடாவிலுள்ள பிரிட்டிஷ் கொலம்பியா தொழில்நுட்பக் கழகத்தின் பொறுப்புக்குத் திட்டம் மாறியது. அங்கே கணினிப் பாடம் நடத்திய ஜிம் பாரி பொறுப்பெடுத்தார். உரிமம் எளிய எம்ஐடி உரிமமாக மாறியது. 2015 மார்ச்சில் 3.0 வெளியானது. ஆண்டுக்கணக்கில் வராதது ஆறு மாதத்துக்குள் வந்தது. அந்த ஆறு மாதத்தில் யாரோ மேதை வந்து நிரலை முழுக்க மாற்றி எழுதிவிடவில்லை. மாறியது உரிமமும் பொறுப்பும் மட்டும்தான்.

இதை ஃபோர்க் எடுத்துச் சாதித்திருக்க முடியுமா? முடியாது. உரிமத்தைத் தளர்த்தும் அதிகாரம் பதிப்புரிமை வைத்திருப்பவரிடம் இருக்கிறது. கிளை பிரித்துக்கொண்டு போகிறவர் பழைய உரிமத்தையும் தலையில் சுமந்துகொண்டுதான் போக வேண்டும். பெயர் அவரோடு வராது. இணைய முகவரி வராது. ஆண்டுக்கணக்கில் இணையமெங்கும் எழுதப்பட்ட பாடங்கள் பழைய முகவரியையே காட்டும். பாதுகாப்பு ஓட்டை ஒன்றைக் கண்டுபிடித்தவர் பழைய இடத்துக்கே தகவல் அனுப்புவார், அங்கே பதில் சொல்ல ஆள் இருக்காது. விழுப்புரத்தில் ஒரு பள்ளிக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்தவர், பத்துக் கிளைகளில் எது உண்மையான வாரிசு என்று எப்படிக் கண்டுபிடிப்பார்?

கிளை பிரிந்து போனவர்கள் கதையும் நம் கண்முன் இருக்கிறது. கோட்இக்னைட்டர் ஒரு நிறுவனத்தின் பிடியில் இருப்பது பிடிக்காமல் 2007இலேயே சிலர் பிரிந்து போய்க் கோஹானாவை உருவாக்கினார்கள். திறமைசாலிகள். பிஹெச்பி 5ஐ முழுமையாகப் பயன்படுத்தி, பல விஷயங்களில் தாய்த் திட்டத்தைவிட நேர்த்தியாக எழுதினார்கள். மேடைப் பேச்சாளர் சொல்லும் எல்லாவற்றையும் அவர் சொல்வதற்கு முன்பே செய்து காட்டினார்கள். 2017இல் கோஹானாவை அதிகாரபூர்வமாக நிறுத்தினார்கள். 'செத்தது' என்று மேடைப் பேச்சாளர்கள் எழுதி வைத்த கோட்இக்னைட்டருக்கு இன்றும் புதிய பதிப்புகள் வருகின்றன. கோஹானாவின் பெயரை எந்த மேடையிலும் இவர்கள் எடுப்பதில்லை.

மறுசீரமைப்பு 2014 கைமாற்றத்தோடு நிற்கவுமில்லை. 2019இல் கல்விக்கழகத்திடமிருந்து திட்டம் கோட்இக்னைட்டர் அறக்கட்டளைக்கு மாறியது. 4ஆம் பதிப்புக்கான வேலை முடியும் கட்டத்தில், 2020 ஜனவரியில், ஜிம் பாரி இறந்துபோனார். ஒற்றை மனிதரின் தோளில் நிற்கும் திட்டமாக இருந்திருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். ஆறே வாரத்தில், பிப்ரவரி 24 அன்று, அவருடைய பிறந்தநாளில் 4.0 வெளியானது. ஒரு திட்டத்தை ஒழுங்குபடுத்துவது என்றால் இதுதான் என்று நான் அடித்துச் சொல்வேன். வெளியீட்டு உரிமை ஒருவருக்கு மேற்பட்டவர்களிடம் இருந்தது, உரிமம் தெளிவாக இருந்தது, என்ன மிச்சமிருக்கிறது என்று குழுவுக்குத் தெரிந்திருந்தது. துக்கத்தின் நடுவிலும் அவர்களால் வேலையை முடிக்க முடிந்தது.

"ஒரு கல்லூரியிடம் கொடுத்தார்கள், அது எப்படி உருப்படும்" என்ற ஏளனத்துக்கு மேலே சொன்ன தேதிகளே போதும்.

"4இல் 3இன் நிரல் ஓடாதே, அப்புறம் என்ன மறுவாழ்வு" என்பார்கள். ஓடாதுதான். நேம்ஸ்பேஸ், கம்போசர் என்று பிஹெச்பி உலகமே மாறிய பிறகு எழுதியது அது. ஆனால் 3ஐ நடுத்தெருவில் விட்டுவிடவில்லை. பிஹெச்பி 8.1இல் ஓடுவதற்கான 3.1.13 பதிப்பு 2022இல் வந்தது. 8.2இல் டைனமிக் ப்ராபர்ட்டி எச்சரிக்கைகள் கொட்டும், உண்மை. பழைய கோட்இக்னைட்டர் மாடலையும் லைப்ரரியையும் கண்ட்ரோலரின் மேலேயே தொங்கவிடும் முறை அப்படி. சில மைய வகுப்புகளின் தலையில் அதை அனுமதிக்கும் ஒரே ஒரு வரியைச் சேர்த்தால் எச்சரிக்கை அடங்கிவிடும். ஒரு மாலைநேர வேலை.

அந்த மாலைநேர வேலைக்குப் பதிலாகத்தான் இவர்கள் முழு நிரலையும் மாற்றி எழுதச் சொல்கிறார்கள். கோயம்புத்தூரிலும் மதுரையிலும் நாலைந்து பேர் வைத்து நடத்தும் மென்பொருள் கடைகள் பல உண்டு. பள்ளிக் கட்டண வசூல், கல்யாண மண்டப முன்பதிவு, உரக்கடை பில் என்று அவர்கள் எழுதிக் கொடுத்தவற்றில் எத்தனையோ கோட்இக்னைட்டர் 2இலும் 3இலும் இருக்கின்றன. அந்த நிரலுக்குள்ளே போய்ப் பாருங்கள். இரண்டாவது பிள்ளைக்குக் கட்டணத்தில் எவ்வளவு குறைப்பு, நடு வருடத்தில் சேர்ந்தவருக்கு வேன் கட்டணம் எந்த மாதத்திலிருந்து, தாளாளர் வாய்மொழியாகச் சொன்ன சலுகையை எந்தக் கணக்கில் காட்டுவது என்று ஆண்டுக்கணக்கில் ஒவ்வொரு புகாராக வந்து சேர்ந்த விதிகள் அதில் இருக்கின்றன. வேறெங்கும் எழுதி வைக்கப்படாதவை. எழுதியவர் வேலை மாறிப் போயிருப்பார். புதிதாக எழுதினால் இந்த விதிகளில் பாதி தவறிப்போகும், ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது கவுன்டரில் நிற்கும் பெற்றோர்தான் அதை முதலில் கண்டுபிடிப்பார்கள். அந்தச் செலவை யார் ஏற்பது? மேடையில் பேசியவர் ஏற்கப்போவதில்லை.

கடைசியாக, போகச் சொல்லும் இடத்தையும் பார்த்துவிடலாம். லாராவெல். நல்ல ஃப்ரேம்வொர்க், சந்தேகமில்லை. கோட்இக்னைட்டரில் உள்நுழைவுச் சரிபார்ப்பு போன்றவை இல்லாத குறையைப் பார்த்துத்தான் டெய்லர் ஆட்வெல் லாராவெலை 2011இல் தொடங்கினார். 2024இல் அவருடைய நிறுவனம் ஆக்செல் என்ற முதலீட்டு நிறுவனத்திடம் 5.7 கோடி டாலர் வாங்கியிருக்கிறது. பணம் போட்டவர் லாபம் கேட்பார், அது அவர் உரிமை. எல்லிஸ்லாபுக்கும் எக்ஸ்பிரஷன்எஞ்சின்தான் சோறு போட்டது, இலவசமாகக் கொடுத்த ஃப்ரேம்வொர்க் அல்ல. 2013 ஜூலையில் எல்லிஸ்லாப் சொன்னதை நாளை அந்த நிறுவனமும் சொன்னால், பெயரும் முகவரியும் வெளியீட்டு உரிமையும் யார் கைக்குப் போகும், எந்த ஏற்பாட்டின்படி போகும்? அடுத்த கூட்டத்தில் பேசப்போகிறவர் இதற்குப் பதிலோடு மேடை ஏறட்டும்.