அரம் இருநூறு ரூவா, கை எத்தனை ரூவா?

போன ஆடிக்காத்துல எங்க தோப்பில் ரெண்டு தென்னை சாய்ஞ்சிடுச்சு. சின்னமனூர் பக்கம் தோப்பு வச்சிருக்கிறவங்களுக்கு இது புதுசு இல்லீங்க. மலை இடுக்கு வழியா வர்ற காத்துதான் ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலையைச் சுத்த வைக்குது, நம்ம மரத்தையும் சாய்க்குது. ஒரு மரம் வாய்க்காலுக்குக் குறுக்கே கிடந்ததால் உடனே அறுத்து எடுக்க வேண்டிய கட்டாயம். மரம் அறுக்கிற மெஷின் வைத்திருக்கும் அண்ணன் ஒருத்தரை வரச் சொன்னேன். மரத்துக்கு இவ்வளவு என்று பேச்சு. நானும் நம்ம ஊர் வழக்கப்படி நூறு ரூபாய் குறைச்சுப் பேசினேன். (இந்த நூறு ரூபாயை ஞாபகம் வச்சுக்கங்க.)

அறுக்க ஆரம்பித்ததும் கவனித்தேன். மரத்தூள் கோதுமை மாவு மாதிரி பொடிப்பொடியா வருது. அண்ணன் முழங்காலை வைத்து மெஷினை மரத்துக்குள் அமுக்குகிறார். புகை வேற. முன் கைப்பிடிக்கு முன்னாடி ஒரு பிளாஸ்டிக் தடுப்பு இருக்கணும், அதைக் காணோம். கேட்டேன்.

"அது இடைஞ்சல் தம்பி, பட்டறையிலயே கழட்டிப் போட்டாச்சு" என்றார்.

நானும் சரின்னு இளநீர் வெட்டப் போயிட்டேன்.

பத்து நிமிஷம் இருக்காது. செயின் ஓடுகிற பட்டையின் நுனி (அதை 'பார்' என்போம்) பின்னாடி கிடந்த கட்டையில் இடித்தது. மெஷின் துள்ளி எகிறி, அண்ணனோட இடது முன்கையில் இறங்கிடுச்சு. பதினாலு தையல். எலும்பு தப்பித்தது. ரெண்டு மாசம் வேலை இல்லை.

அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. காரணம், எங்க வீட்டுப் பரணிலும் ஒரு சின்ன மெஷின் இருக்கு. கூடவே ஒரு உருட்டு அரமும் இருக்கு. தூள் மாவாக வந்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். தெரிஞ்சும் வாயைத் திறக்கலை.

அதனால்தான் இந்தப் பதிவு. மெஷின் பராமரிப்பு என்றால் மெஷினோட ஆயுசு சம்பந்தப்பட்டது என்றே நாம் நினைக்கிறோம். அதைப் பிடிக்கிறவர் கையும் அதில்தான் இருக்கு. வேலைக்குக் கூப்பிடுகிற நமக்கும் அதில் பங்கு இருக்கு என்பது என் கட்சி.

முதலில் செயின். இந்தப் பல்லுக்கு ஒரு கதை இருக்கு. 1946ல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்பவர், ஒரு வண்டின் புழு கட்டையைக் குடைவதை உட்கார்ந்து பார்த்திருக்கிறார். இடதும் வலதுமாக வளைந்த தாடையால் அது மரத்தை எந்தப் பக்கமும் சீவித் தள்ளியிருக்கு. அதே மாதிரி பல் வைத்துச் செயின் செய்து 1947ல் விற்க ஆரம்பித்தார். இன்றைக்கு நாம் பார்க்கிற செயின் எல்லாம் பெரும்பாலும் அந்த வழி வந்ததுதான். தென்னந்தோப்புக்காரர்களுக்கு இதைத் தனியா விளக்க வேண்டாம். சிவப்புக் கூன்வண்டு விழுந்த மரத்தில் காதை வச்சால் உள்ளே கறுமுறுன்னு கேட்குமே, அந்தப் புழு மாதிரி ஒண்ணுதான் வாத்தியார் :-)

விஷயம் என்னன்னா, பல் மரத்தைச் சீவணும், தேய்க்கக் கூடாது. கூர் இருந்தால் சில்லு சில்லாக வரும், மெஷின் தன் எடையிலேயே உள்ளே இறங்கும். தூள் பொடியாக வந்தால் கூர் போயிடுச்சு என்று அர்த்தம். அதற்கப்புறம் ஆள் அமுக்கணும். அமுக்கினால் கை அசரும், இஞ்சின் திணறும், பிடி நழுவும். அதிலும் தென்னை மோசமான மரம். உள்ளே பஞ்சு மாதிரி இருந்தாலும் வெளிவட்டம் நாரும் கெட்டியுமா பல்லைத் தின்னுடும். ரோட்டோரப் புளியமரத்தில் விளம்பரத் தகடு அடித்த ஆணி உள்ளே இருக்கும். கீழே மண்ணில் ஒரு நொடி உரசினாலும் போச்சு.

அரம் போடுவது பெரிய வித்தை இல்லை. செயினுக்கு ஏற்ற அளவு அரம் வேணும் (நம்ம பக்கம் ஓடுகிற நடுத்தர மெஷின்களில் பலதுக்கு 4.8 மி.மீ.). பெரும்பாலான செயினுக்கு 30 டிகிரி சாய்வு. உள்ளிருந்து வெளியே தள்ளும்போது மட்டும்தான் அழுத்தணும், இழுக்கும்போது கூடாது. ஒரு பல்லுக்கு மூணு தள்ளு என்றால் எல்லாப் பல்லுக்கும் மூணுதான். ஒரு பக்கம் கூட, ஒரு பக்கம் குறைவு என்றால் மெஷின் வளைந்து அறுக்கும். பல்லுக்கு முன்னால் இருக்கும் சின்னத் திமிலை நாலைந்து தடவைக்கு ஒருமுறை லேசாக இறக்கணும். ஆர்வக்கோளாறில் நிறைய இறக்கினால் பல் ரொம்ப ஆழமாகக் கடிச்சு மெஷின் துள்ளும். ஒரு டேங்க் பெட்ரோல் தீரும்போது ஒரு பத்து நிமிஷம். அவ்வளவுதான் செலவு.

ரெண்டாவது, பிரேக். அந்தப் பிளாஸ்டிக் தடுப்பு வெறும் தடுப்பு இல்லை. மெஷின் துள்ளும்போது கை பட்டாலோ, துள்ளுகிற வேகத்திலோ அது முன்னால் சாய்ந்து, கிளட்ச் டிரம்மைச் சுற்றி இருக்கும் இரும்புப் பட்டையை இறுக்கும். கண் இமைக்கிறதுக்குள் செயின் நின்னுடும். பட்டை தேய்ஞ்சாலோ தூள் அடைச்சாலோ பிரேக் சரியாகப் பிடிக்காது, சமயத்தில் சும்மாவே பிடிச்சுத் தொந்தரவு கொடுக்கும். அதைத் துடைத்து மாற்றுவதற்குப் பதிலாக மொத்தமாகக் கழட்டிவிடுகிற பட்டறைகள் இருக்கு. "வேலை செய்யாததைக் கழட்டிட்டோம், காசு கூட வாங்கலை" என்று பெருமை வேறு. காசு வாங்கிக்கங்க சாமி, கழட்டாதீங்க!

மூணாவது, எண்ணெய். செயினுக்கு ஊத்துகிற டேங்கில் பைக் இஞ்சினில் வடிச்ச கறுப்பு ஆயிலை ஊத்துவதுதான் நம்ம ஊர் வழக்கம். அதில் இரும்புப் பொடி இருக்கு, பம்பையும் பாரையும் அரிக்கும். ஓடுகிற செயினிலிருந்து தெறித்து அறுக்கிறவர் மேலேதான் விழும். பழைய இஞ்சின் ஆயில் தொடர்ந்து தோலில் பட்டால் புற்றுநோய் வரலாம் என்று கையேட்டிலேயே எச்சரிக்கை இருக்கு. ஆயில் ஒழுங்கா வருதான்னு பார்க்க ஒரு சுலப வழி: காய்ந்த அடிமரத்துக்கு நேராக, கொஞ்சம் தள்ளி நுனியைக் காட்டி மெஷினை ஓட்டுங்க. மரத்தில் எண்ணெய்க் கோடு விழணும்.

பெட்ரோல் கதை எனக்கே நடந்தது. ஆயில் கலக்காத பெட்ரோலை ஊத்தி ஓட்டி, பிஸ்டன் ஜாம் ஆகி, மெஷின் விலையில் பாதியைப் பட்டறையில் கொடுத்துவிட்டு வந்தவன் நான். டூ-ஸ்ட்ரோக் இஞ்சினுக்குத் தனியா ஆயில் கிடையாது, பெட்ரோலில் கலக்குறதுதான் அதுக்கு உயிர். 1:50 என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 1:25 என்றால் 40 மில்லி. எந்த ஆயிலுக்கு எவ்வளவு என்று டப்பாவையும் கையேட்டையும் பார்த்துக்கங்க. இன்னொன்று, 2025ல் பங்க் பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதத்துக்கு வந்தாச்சு. பல மெஷின் கையேடுகள் 10 சதவீதம் வரைக்கும்தான் சொல்லுது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், கார்பரேட்டர் உள்ளே இருக்கும் மெல்லிய ரப்பர் தகடு கெட்டுப்போகும். ஒரு மாசம் சும்மா வைக்கப் போறீங்கன்னா டேங்க்கைக் காலி பண்ணி, தானா அணையுற வரைக்கும் ஓட்டி வச்சிடுங்க.

"மரத்தை வெட்டுறதுக்குப் பாடமா?" என்று பின்னூட்டத்தில் யாராவது வருவீங்க, தெரியும். நானும் மரம் நடுகிற ஆள்தான். ஆனால் வாடல் நோய் நம்ம பள்ளத்தாக்குத் தோப்புகளிலும் இருக்கு. அதற்கு மருந்து கிடையாது, முத்திப்போன மரத்தை எடுத்தால்தான் பக்கத்து மரம் பிழைக்கும். 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாத் தென்னைகளைச் சாய்த்துப் போட்டபோது, ரோட்டைத் திறந்துவிட்டது இந்த மெஷின்காரர்கள்தான். எங்க அண்ணனும் அப்போ பேராவூரணிப் பக்கம் போய் ஒரு வாரம் அறுத்துவிட்டு வந்தவர். மரம் விழுந்தால் ஓடிவரச் சொல்ல நமக்கு அவர் வேணும். அவர் கை நமக்கு வேண்டாமா?

இப்போ அந்த நூறு ரூபாய்க்கு வர்றேன். மரத்துக்கு இவ்வளவு என்று பேசும்போதே அரம் போடுகிற பத்து நிமிஷத்தை நாம் அவரிடமிருந்து பிடுங்கிடுறோம். நாலு மரம் அறுத்தால்தான் நாள் கூலி நிற்கும் என்றால் எவர் நடுவில் உட்கார்ந்து அரம் போடுவார்? அவரை அலட்சியக்காரர் என்று சொல்வது எனக்குச் சுலபம். குறைச்சுப் பேசியது யாரு?

அதனால இனிமே ஆள் கூப்பிடும்போது மூணே கேள்வி. பிரேக் பிடிக்குதா? அரம் கொண்டு வந்திருக்கீங்களா? தூள் பொடியா வந்தா நிறுத்திடலாமா? மூணாவதுக்கு ஆகிற நேரத்துக்கும் சேர்த்துக் காசு பேசுங்க.

அண்ணன் ஐப்பசியில் திரும்ப வந்தார். புது செயினும் பிரேக் பட்டையும் தடுப்பும் நான் வாங்கிக் கொடுத்தேன். தர்மம் எல்லாம் இல்லை, கடன். ரெண்டாவது தென்னையில் பாதி அறுத்ததும் அவரே நிறுத்தி, கட்டையில் உட்கார்ந்து "தம்பி, அந்த அரத்தைக் குடுங்க" என்றார். இடது கை விரல் ரெண்டு இன்னும் சரியா மடங்கலை. அதனால் பார் நுனியை நான் பிடிச்சுக்கிட்டேன்.

டிஸ்கி: இது படிச்சும் பட்டும் தெரிஞ்சுக்கிட்டது. உங்க மெஷினுக்கு உங்க கையேடுதான் வேதம். தொலைச்சவங்க பட்டறையில கேளுங்க. என்னைக் கேட்காதீங்க, பிஸ்டன் ஜாம் பண்ணினவன் நான் :-)