விளக்கு அணைந்தது, ஆபத்து போனதா?

குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்தால் தென்காசி மெக்கானிக்குகளிடம் இந்தப் பேச்சைக் கேட்கலாம்.

"தம்பி, டேஷ்போர்டுல ஒரு விளக்கு அணைய மாட்டேங்குது. ஒரு ஆள் பலூனுக்கு முன்னால உக்காந்திருக்க மாதிரி படம். அதை மட்டும் அணைச்சுக் குடு. மத்ததைச் சீசன் முடிஞ்சு பாத்துக்கிடலாம்!"

"சரி அண்ணாச்சி, அஞ்சு நிமிசம்!"

ஐந்தே நிமிடத்தில் விளக்கு அணைகிறது. அண்ணாச்சிக்கு நிம்மதி. காருக்கு?

படத்தில் இருப்பது பலூன் அல்ல, ஏர்பேக். கார் மோதும்போது விரிந்து, தலையும் மார்பும் ஸ்டீயரிங்கில் போய் இடிக்காமல் தாங்கும் பை. சாவியைத் திருப்பியதும் அந்த விளக்கு சில விநாடி எரிந்து தானே அணைய வேண்டும். அணையாமல் எரிந்தால், "மோதினால் பை விரியும் என்று என்னை நம்பாதே" என்று கார் சொல்கிறது.

சொல்லும் வாயைப் பொத்திவிட்டு, "கார் சரியாயிட்டு" என்று கிளம்புகிறார்கள்!

மஞ்சள் ஒயர்

வினை எங்கே தொடங்குகிறது?

ஐந்தருவியில் குளித்துவிட்டு ஐந்து பேர் சொட்டச் சொட்டக் காரில் ஏறுகிறார்கள். எண்ணெய்க் குளியல் வேறு! இரண்டு நாளில் காருக்குள் நாற்றம் குடலைப் பிடுங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரரே ஸ்பேனரைக் கையில் எடுக்கிறார்.

முன் சீட்டைக் கழற்றுகிறார். அடியில் மஞ்சள் நிறத்தில் ஒரு கனெக்டர். அதையும் பிடுங்கிவிட்டு மேட்டை வெளியே எடுக்கிறார். நடுவில் கண்ணாடியை இறக்கிக் காற்று வரட்டும் என்று சாவியைத் திருப்புகிறார். முடிந்தது கதை!

கனெக்டர் இல்லாத நேரத்தில் சாவி போட்டால் போதும். ஏர்பேக்கைக் காவல் காக்கும் கம்ப்யூட்டர் பெட்டி, "இந்த ஒயர் அறுந்துவிட்டது" என்று குறித்து வைத்துக்கொள்ளும். பிறகு ஒயரை மாட்டினாலும் பல கார்களில் விளக்கு தானாக அணையாது. ஈரம் கனெக்டருக்குள் புகுந்து பச்சை பிடித்தாலும் இதே கதைதான்.

ஸ்டீயரிங்கைக் கழற்றுகிறவர்களுக்கு இன்னொரு வம்பு. அதற்குள் சுருள் நாடா போல ஒரு ஒயர் இருக்கிறது. சுற்று மாறி மாட்டினால் ஒரு திருப்பத்தில் அறுந்துவிடும். ஹாரனும் அடிக்காது, ஏர்பேக் விளக்கும் எரியும். இரண்டும் சேர்ந்து வந்தால் முதலில் அந்த நாடாவைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

சொந்தக் கையால் வேலை பார்ப்பது குற்றம் அல்ல. பெரிய ஒர்க்‌ஷாப் பில்லை நினைத்துப் பயப்படுகிறவரைக் குறை சொல்லவும் முடியாது. மேட்டைக் காயப்போடுங்கள், பிளக்கை மாற்றுங்கள், வைப்பரை மாற்றுங்கள். மஞ்சள் ஒயர் மட்டும் வேறு ரகம்.

பை அல்ல, வெடி

அந்தப் பையை நிரப்புவது பம்ப் அல்ல. உள்ளே இருக்கும் மருந்து பற்றி, வாயு சீறிக் கிளம்பிப் பையை ஊதுகிறது. சிவகாசிக்குப் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு விநாடியை முப்பது கூறு போட்டால், அதில் ஒரு கூறு நேரத்தில் பை விரிந்துவிடும்!

பேட்டரியைக் கழற்றினாலும் அந்தப் பெட்டி சிறிது நேரத்துக்கு மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். மோதலில் பேட்டரி நொறுங்கினாலும் பை விரிய வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. அதனால்தான் சாவியை எடுத்து, பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, கார்ப் புத்தகத்தில் சொன்ன நிமிடங்கள் காத்திருந்து பிறகு தொட வேண்டும் என்கிறார்கள். மீட்டர் வைத்து ஒயரைச் சோதிப்பது அதைவிட மோசம். மீட்டரின் கரண்டே மருந்தைப் பற்ற வைத்துவிடலாம்.

அதன் வேகம் என்ன செய்யும் என்பதைப் பக்கத்துக் கேரளம் பார்த்துவிட்டது. 2024 செப்டம்பரில் மலப்புரம் மாவட்டத்தில் ஒரு கார் டேங்கர் லாரியோடு மோதியது. முன் சீட்டில் தாயின் மடியில் இருந்த 2 வயதுக் குழந்தையின் முகத்தில் ஏர்பேக் பாய்ந்தது. குழந்தை பிழைக்கவில்லை. பெரியவர்களைக் காப்பாற்றும் பை அது. மடிக் குழந்தைக்கு எமன். குழந்தையின் இடம் பின் சீட்டுதான்.

அழித்தால் தீருமா?

மெக்கானிக்கின் ஸ்கேனரில் பழுதின் எண் தெரியும். பட்டனைத் தட்டினால் அழியும். பழுது உள்ளேயே இருந்தால் பெரும்பாலும் அடுத்த முறை சாவி போட்டதும் மறுபடி எரியும். மலிவாகக் கிடைக்கும் சிறிய ஸ்கேனர்கள் பலவும் என்ஜின் பழுதை மட்டுமே படிக்கும். ஏர்பேக் பக்கமே போகாது.

அங்கேதான் சிலர் குறுக்கு வழி பிடிக்கிறார்கள். விளக்கையே பிடுங்கிவிடுவது ஒன்று. பை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்ன ரெசிஸ்டரைச் சொருகிப் பெட்டியை ஏமாற்றுவது இன்னொன்று. டேஷ்போர்டு சுத்தமாக இருக்கும். புளியரை தாண்டி எஸ் வளைவில் எதிரே கல் லாரி வரும்போது முன்னால் இருப்பது வெறும் பிளாஸ்டிக் மூடி!

டெல்லியில் 2024 ஏப்ரலில் போலி ஏர்பேக் தயாரித்ததாக 3 பேரைப் போலீஸ் பிடித்தது. சிக்கியவை 900-க்கும் மேல்! விபத்தில் பை விரிந்த காரைக் குறைந்த செலவில் தேற்றி விற்க நினைப்பவர்கள் இருக்கும் வரை அந்தச் சரக்குக்கும் ஆள் இருக்கும்.

ஒரு காலத்தில் இது பணக்காரர் கார் விவகாரம். இப்போது அப்படி இல்லை. 2019 ஜூலை 1 முதல் டிரைவருக்கும், 2021 முடிவோடு பக்கத்து சீட்டுக்கும் ஏர்பேக் கட்டாயமாகிவிட்டது. 6 பைகளைக் கட்டாயமாக்கும் யோசனையை மத்திய அரசு 2023-ல் கைவிட்டது. ஆனாலும் சின்னக் கார்களிலேயே 6 பைகள் வருகின்றன. பை கூடினால் சீட்டுக்கு அடியில் மஞ்சள் ஒயரும் கூடும். ஸ்பேனர் படும் இடமும் கூடும்.

ஆகவே மெக்கானிக்கிடம் போகிறவர், "அணைச்சுக் குடு" என்று சொல்லக் கூடாது. "என்ன நம்பர் வருது? எழுதிக் குடு" என்று கேட்க வேண்டும். அழித்த பிறகு எந்த ஒயர், எந்த சீட் என்று சொல்லத் துப்பே இருக்காது. எண்ணைப் பார்த்து, கனெக்டரைச் சுத்தம் செய்து, 'கிளிக்' என்று சத்தம் கேட்கும்படி மாட்டி, அதன் பிறகு அழித்தால் அது ரிப்பேர். எண்ணைப் பார்க்காமலே அழிப்பதற்குக் கூலி வாங்குகிற மெக்கானிக்கும் குற்றவாளிதான். கேட்கிற அண்ணாச்சி மட்டும் அல்ல.

பழைய கார் வாங்குகிறவர் சாவியைத் திருப்பி அந்த விளக்கைக் கவனிக்கட்டும். எரிந்து அணைந்தால் முதல் சோதனையில் தேறியது. எரிந்துகொண்டே இருந்தால் பழுது. எரியவே இல்லையா? யாரோ கை வைத்திருக்கிறார் என்று சந்தேகப்பட வேண்டியதுதான்.

அருவியில் குளித்தவர்கள் சீட்டில் ஒரு பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு உட்கார்ந்தால் சீட்டைக் கழற்றும் வேலையே பாதி குறையும். நனைந்த மேட்டை வெயிலில் காயப்போட வேண்டும். சாரல் நாளில் குற்றாலத்தில் வெயிலுக்கு எங்கே போவது என்று கேட்டால், அதற்கு எந்த மெக்கானிக்கிடமும் பதில் கிடையாது.