கோமாளிக்கு மறுக்கப்பட்ட பாட்டு

ராப் பற்றி எழுதுங்கள் என்று தோழர்கள் கேட்கும்போதெல்லாம் அவர்கள் மனதில் இருப்பது ஒரே ஒரு முகம்தான். முஷ்டியை உயர்த்திய, கோபம் கொப்பளிக்கும் முகம். பப்ளிக் எனிமி, டூபாக், கேஆர்எஸ் ஒன் என்று பட்டியல் நீளும். அதில் தப்பில்லை. கறுப்பின மக்களின் கோபத்தைப் படித்துத்தான் நம்மில் பலர் அரசியலுக்கே வந்தோம். 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்ஸ் அமைப்பைத் தொடங்கியவர்கள் பெயரையே அமெரிக்காவின் பிளாக் பேந்தர்களிடமிருந்துதான் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் இந்த முறை நாம் எழுதப்போவது மூக்கு நோண்டுவதைப் பற்றி ஒரு முழுப்பாட்டுப் பாடிய ஆளைப் பற்றி.

மேடைப்பெயர் பிஸ் மார்க்கி. இயற்பெயர் மார்செல் தியோ ஹால். 1964இல் நியூயார்க்கின் ஹார்லெமில் பிறந்து லாங் ஐலண்டில் வளர்ந்தவர். பருத்த உடம்பு, வாய் நிறையச் சிரிப்பு, சுருதியோடு எப்போதும் ஒத்துப்போகாத குரல். 'ஹிப்ஹாப்பின் கோமாளி இளவரசன்' என்று பத்திரிகைகள் அவருக்குப் பட்டம் கொடுத்தன. 'இவரையெல்லாம் ஏன் பேச வேண்டும், பொழுதுபோக்குத்தானே?' என்று சில தோழர்களாவது கேட்பார்கள். அந்தக் கேள்விக்காகத்தான் இந்தக் கட்டுரை.

அவர் தொடங்கியது வாயிலிருந்து. உதடு, நாக்கு, தொண்டை, மூச்சு, கையில் ஒரு மைக். டிரம்மும் பேஸும் அந்த வாய்க்குள்ளிருந்தே வரும். பீட்பாக்ஸ் என்று இன்று கல்லூரி விழாக்களில் எல்லாரும் செய்துகாட்டும் வித்தைதான். 1980களின் நடுவில் அதை முன்னெடுத்தவர்களில் அவர் ஒருவர். நியூயார்க்கின் குவீன்ஸ்பிரிட்ஜ் அரசுக் குடியிருப்பிலிருந்து வந்த மார்லி மார்ல் என்ற தயாரிப்பாளரைச் சுற்றி 'ஜூஸ் க்ரூ' என்ற கூட்டம் சேர்ந்தது. அதில் இருந்த ராக்சான் ஷாண்டே என்ற பதின்வயதுப் பெண் ராப் பாட, பக்கத்தில் நின்று பிஸ் வாயால் தாளம் போட்டார். 1986இல் அவர் பெயரிலேயே தனி இசைத்தட்டு வந்தது. 1988இல் 'கோயின் ஆஃப்' என்ற முதல் ஆல்பம். அதில் பல பாடல்களின் வரிகளை எழுதிக்கொடுத்தவர் அவருடைய கூட்டாளி பிக் டாடி கேன். ராப் உலகில் வரியை அடுத்தவர் எழுதினார் என்றால் மானம் போன மாதிரி. பிஸ் அதைப் பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. மேடையைக் கலகலப்பாக்குவது தன் வேலை, சொல் சேர்ப்பது நண்பனின் வேலை என்று இருந்துவிட்டார்.

அந்த ஆல்பத்தில் 'வேப்பர்ஸ்' என்று ஒரு பாட்டு இருக்கிறது. நாம் தோழர்களுக்கு முதலில் சிபாரிசு செய்வது இதைத்தான். பிஸ் தன் கூட்டாளிகளின் கதையை ஒவ்வொன்றாகச் சொல்கிறார். ஒருவர், அவருடைய உறவுக்காரர், ஒரு இசைத்தட்டுக் கடையில் வேலை கேட்டுப் போகிறார். ஆள் தேவையில்லை என்று முதலாளி அனுப்பிவிடுகிறார். பிறகு அந்தப் பையனின் பெயர் ஊரெல்லாம் தெரிந்ததும் அதே முதலாளி பல்லிளித்துக்கொண்டு வருகிறார். கூட்டாளிகள் எல்லாருக்கும் நடந்தது இதுதான், கடைசியில் பிஸுக்கும். நேற்றுவரை கண்ணில் படாதவன் இன்று எல்லாருக்கும் சொந்தக்காரன் ஆகிறான். இதைக் கோபமாகப் பாடியிருக்கலாம். பிஸ் கேலியாகப் பாடுகிறார். பல்லிளிப்பவரைப் பிடித்த ஒரு காய்ச்சல் மாதிரி அதற்கு ஒரு பேரும் வைக்கிறார். ஒதுக்கியவன் ஏதோ நோய் வந்தவனைப் போலவும், ஒதுக்கப்பட்டவன் வேடிக்கை பார்ப்பவனைப் போலவும் இடம் மாறிவிடுகிறார்கள். வேலை கேட்டுப் போய் வாசலிலிருந்தே திரும்பியவர்களுக்கு இந்தச் சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

1989இல் 'ஜஸ்ட் எ ஃப்ரெண்ட்' வந்தது. காதலியின் அறையில் இன்னொருவன் இருக்கிறான், 'அவன் வெறும் நண்பன்தான்' என்கிறாள், இவர் நம்பி ஏமாறுகிறார். கதை அவ்வளவுதான். ஃப்ரெடி ஸ்காட் என்ற கறுப்பினப் பாடகர் 1968இல் பாடிய ஒரு பாட்டை அடியாக வைத்து, அதன் பல்லவியைத் தன் குரலில் பாடினார். வேறு யாரையாவது பாடவைக்க நினைத்தாராம். ஒருவரும் ஸ்டூடியோவுக்கு வராததால் தானே பாடிவிட்டேன் என்று பின்னாளில் சொன்னார். குரல் உடைகிறது, சுருதி தப்புகிறது, ஆனாலும் தொண்டை கிழியப் பாடுகிறார். வீடியோவில் மொசார்ட்டைப் போலப் பொடி பூசிய பொய்முடி அணிந்து பியானோ முன் உட்கார்ந்திருக்கிறார். ஐரோப்பியச் செவ்வியல் மேதையின் நாற்காலியில் ஹார்லெமில் பிறந்த குண்டுப் பையன்! 1990இல் அந்தப் பாட்டு அமெரிக்காவின் பில்போர்ட் பட்டியலில் 9ஆம் இடம் வரை ஏறியது. இன்றுவரை அதன் பல்லவியைக் கூட்டத்தில் யாராவது எடுத்துக்கொடுத்தால் மொத்தக் கூட்டமும் அதே மாதிரி சுருதி விலகிப் பாடுகிறது. நன்றாகப் பாடினால் அந்தப் பாட்டு நன்றாகவே இருக்காது.

இங்கே நியாயமான ஒரு எதிர்ப்பு எழும். 1830கள் தொடங்கி வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பின மக்களை முட்டாளாகவும் சோம்பேறியாகவும் நடித்துக் காசு பார்த்த நாடு அமெரிக்கா. மின்ஸ்ட்ரல் கூத்து என்று அதற்குப் பெயர். அப்படிப்பட்ட நாட்டில் ஒரு கறுப்பினத்தவர் கோமாளி வேஷம் போடுவது அந்தப் பழைய கூத்துக்கே சேவகம் செய்வதாகாதா? ஆகலாம். அப்படி ஆனவர்கள் உண்டு. ஆனால் பிஸ் யாருக்காகக் கோமாளியானார் என்று பாருங்கள். அவருடைய முதல் கூட்டம் தெருவிலும் பள்ளிக்கூட வராந்தாவிலும் இருந்த அவரைப் போன்ற பிள்ளைகள்தான். கரி பூசிய வெள்ளையன் அடுத்தவனின் உடம்பைக் கேலிப்பொருளாக்கினான். பிஸ் தன் உடம்பைத் தானே கையில் எடுத்துக்கொண்டார். துப்பாக்கியும் வீராப்பும் இல்லாமல், ஏமாந்தவனாக, அழுமூஞ்சியாக, மூக்கு நோண்டுபவனாக ஒரு கறுப்பின ஆண் மேடையில் நிற்கலாம் என்று காட்டினார். அது சின்ன விஷயமல்ல என்பது நம் கருத்து.

சரி, சிரித்தவருக்கு என்ன ஆனது?

1991இல் மூன்றாவது ஆல்பம் வந்தது. அதில் ஒரு பாட்டுக்கு கில்பர்ட் ஓ'சல்லிவன் என்ற அயர்லாந்துப் பாடகரின் 'அலோன் அகெய்ன்' பாட்டிலிருந்து பியானோப் பகுதியை எடுத்துத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, அதன் மேல் தன் ராப்பைப் பாடியிருந்தார். அந்தப் பழைய பாட்டு 1972இல் அமெரிக்காவில் ஆறு வாரம் முதலிடத்தில் இருந்த சோகப்பாட்டு. இப்படி எடுத்துப் பயன்படுத்துவதற்குச் சாம்பிளிங் என்று பெயர். ஹிப்ஹாப் பிறந்ததே அப்படித்தான். 1973இல் பிராங்க்ஸில் கூல் ஹெர்க் என்ற ஜமைக்கா இளைஞர் நடத்திய விருந்துகளில், பழைய இசைத்தட்டுகளில் டிரம் மட்டும் ஒலிக்கும் துண்டைப் பிடித்து நீட்டி நீட்டி ஆடவைத்தார்கள். இசைக்குழு வைக்க வசதியில்லாதவர்களுக்கு வீட்டில் இருந்த இசைத்தட்டே வாத்தியம்.

பிஸ் தரப்பு அனுமதி கேட்கவே செய்தது. ஒலிநாடாவையும் அனுப்பிக் கேட்டது. ஓ'சல்லிவன் தரப்பு மறுத்தது. மறுத்த பிறகும் ஆல்பத்தை வெளியிட்டார்கள். அது தவறுதான், இதில் நாம் பூசி மெழுகத் தேவையில்லை. ஆனால் மறுத்ததற்கு என்ன காரணம்? பல ஆண்டுகள் கழித்து ஒரு பேட்டியில் ஓ'சல்லிவனே சொன்னார்: கேட்பவர் ஒரு நகைச்சுவை ராப்பர் என்று தெரிந்ததும் மறுத்துவிட்டோம், அந்தப் பாட்டு ஒருபோதும் சிரிப்புக்குப் பயன்படக் கூடாது என்பதில் உறுதியாக இருக்கிறேன். எழுதியவரின் உரிமை அது, மறுக்கட்டும். ஆனால் பிஸின் பாட்டு மூலப் பாட்டைக் கேலி செய்யவில்லை. ஆள் கோமாளி என்பதால் அவர் தொட்டதெல்லாம் கேலியாகிவிடும் என்று முன்கூட்டியே முடிவாகிவிட்டது. சோகம் பாடவும் ஒரு தகுதிச் சான்றிதழ் வேண்டும் போல.

அந்த ஆண்டு டிசம்பரில் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றத்தில் நீதிபதி கெவின் டஃபி தீர்ப்பளித்தார். தீர்ப்பின் முதல் வரியே சட்டத்திலிருந்து வரவில்லை, பைபிளிலிருந்து வந்தது. திருடாதே என்ற கட்டளையைச் சொல்லித்தான் தொடங்கினார். நியாயமான பயன்பாடு என்ற கோட்பாட்டைப் பற்றியோ, எடுத்த அளவு எவ்வளவு என்பதைப் பற்றியோ அந்தச் சின்னத் தீர்ப்பில் பேச்சே இல்லை. அத்தோடு நிற்காமல், குற்றவியல் நடவடிக்கை எடுக்கலாமா என்று பார்க்கச் சொல்லி விஷயத்தை அரசு வழக்கறிஞருக்கும் அனுப்பினார். அப்படி வழக்கு எதுவும் வரவில்லை. ஆனால் ஆல்பம் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. ஒரு பாட்டின் பியானோத் துண்டுக்காகச் சிறை வாசல் வரை காட்டப்பட்டது, தோழர்களே.

அந்தக் கட்டளை எல்லார் மேலும் ஒரே மாதிரி விழுந்திருக்கிறதா? மிசிசிப்பியில் பிறந்து சிகாகோவில் ப்ளூஸ் எழுதிய வில்லி டிக்ஸனின் பாட்டிலிருந்து எடுத்து 1969இல் லெட் ஜெப்பலின் 'ஹோல் லோட்டா லவ்' பாடியது. இசைத்தட்டில் டிக்ஸனின் பெயர் இல்லை. அவர் 1985இல் வழக்குப் போட வேண்டியிருந்தது, பிறகு சமரசமாக முடிந்தது. எந்த நீதிபதியும் பைபிளைத் திறக்கவில்லை. அந்தக் குழுவை உலகம் இன்றும் மேதைகள் என்றே அழைக்கிறது. வெள்ளையர் எடுத்தால் 'தாக்கம்', கறுப்பினத்தவர் எடுத்தால் 'திருட்டு'. ராக் இசையின் வரலாற்றில் பாதி இந்த இரண்டு சொற்களுக்கு நடுவில்தான் இருக்கிறது.

தீர்ப்புக்குப் பிறகு ஹிப்ஹாப்பின் ஒலியே மாறியது. ஒவ்வொரு துண்டுக்கும் முன்கூட்டியே அனுமதியும் பணமும் வேண்டும் என்றானது. பப்ளிக் எனிமி 1988இல் செய்ததைப் போலப் பல துண்டுகளை அடுக்கி ஒரு பாட்டு கட்டுவது கட்டுப்படியாகாமல் போனது. பணக்கார நிறுவனத்தின் ராப்பருக்கு ஒரு பெரிய துண்டு கிடைக்கும். மொட்டைமாடியில் உட்கார்ந்திருக்கும் பையனுக்கு எதுவும் கிடைக்காது. டி லா சோல் குழுவின் 1989 ஆல்பம் சாம்பிள் சிக்கல்களோடு ஒப்பந்தச் சிக்கல்களும் சேர்ந்து, 2023 மார்ச் வரை இணைய இசைத்தளங்களுக்கே வரவில்லை. ஒரு தலைமுறைக் காலம்!

இதில் நமக்கு வசதியில்லாத ஒரு உண்மையும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. சாம்பிளிங்கால் வயிற்றில் அடிபட்டவர்களில் கறுப்பினக் கலைஞர்களும் உண்டு. ஜேம்ஸ் பிரவுனின் டிரம்மர் கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட் வாசித்த சில நொடித் தாளம் எண்ணற்ற ராப் பாட்டுகளில் ஒலிக்கிறது. அவருக்கு அதில் உரிமைத்தொகை கிடைக்கவில்லை. 1969இல் வின்ஸ்டன்ஸ் குழுவுக்காக கிரெகரி கோல்மன் வாசித்த ஆறு நொடித் தாளத்தின் மேல் இங்கிலாந்தில் ஒரு இசை வகையே எழுந்தது. அவர் 2006இல் வீடில்லாதவராக இறந்தார். அப்படியென்றால் சட்டம் வந்தது நல்லதுதானே என்று கேட்கலாம். ஆனால் வந்த சட்டம் இவர்களைக் காப்பாற்றவில்லையே. பதிப்புரிமை பாட்டுக்கும் ஒலிப்பதிவுக்கும் உரிமை வைத்திருப்பவரைத்தான் பார்க்கிறது, குச்சியைப் பிடித்த கையைப் பார்ப்பதில்லை. எடுத்தவர் கொடுக்க வேண்டும் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. யாருக்குப் போய்ச் சேர்கிறது என்பதில்தான் நம் சண்டை.

1994இல் இன்னொரு வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 2 லைவ் க்ரூ என்ற ராப் குழு 'ப்ரிட்டி வுமன்' பாட்டைக் கேலி செய்து பாடியிருந்தது. காசுக்காக விற்றாலும் கேலி நியாயமான பயன்பாடாக இருக்க முடியும் என்றது நீதிமன்றம். மூன்றே ஆண்டு இடைவெளி. சிரிப்பைக் காட்டி ஒருவருக்குக் கதவை மூடினார்கள். சிரிப்பைக் காட்டி இன்னொருவர் கதவைத் திறந்தார். பிஸுக்கு அந்தக் கதவும் உதவியிருக்காது. அவர் கேலி செய்யவில்லை, உருகித்தான் பாடினார்.

1993இல் அவர் அடுத்த ஆல்பத்தோடு வந்தார். தலைப்பு, 'எல்லாச் சாம்பிளுக்கும் அனுமதி வாங்கியாச்சு' என்று பொருள்படும் 'ஆல் சாம்பிள்ஸ் கிளியர்ட்!'. அட்டையில் நீதிமன்றக் காட்சி, நீதிபதி அங்கியில் பிஸ். நாம் பார்த்த எதிர்ப்புச் சுவரொட்டிகளில் இதற்கும் ஒரு இடம் கொடுப்போம். அது பெரிதாக விற்கவில்லை. அதன்பின் பத்து வருடம் அவர் பெயரில் ஆல்பம் வரவில்லை. ஊர் ஊராகப் போய் டிஜேயாக இசைத்தட்டு சுழற்றினார், பீஸ்டி பாய்ஸ் ஆல்பங்களில் வந்து போனார், 'மென் இன் பிளாக் 2' படத்தில் பீட்பாக்ஸ் போடும் வேற்றுக்கிரகவாசியாக நடித்தார். ஆயிரக்கணக்கில் இசைத்தட்டுகளும் பொம்மைகளும் சேர்த்தார். நீரிழிவு நோயோடு நீண்ட காலம் போராடி, 2021 ஜூலையில் 57 வயதில் இறந்தார்.

2007இல் தொடங்கிய 'யோ கப்பா கப்பா' என்ற குழந்தைகள் நிகழ்ச்சியில் அவருக்கென்று ஒரு பகுதி இருந்தது. அன்றைய தாளத்தை பிஸ் வாயால் போட்டுக்காட்டுவார், பார்க்கும் பிள்ளைகளும் கூடவே போட்டுப் பழக வேண்டும். அனுமதிக் கடிதம் தேவையில்லை, வக்கீல் தேவையில்லை. உதடும் மூச்சும் போதும். மூன்று வயதுப் பிள்ளைகள் தொலைக்காட்சி முன் நின்று எச்சில் தெறிக்க அவரைத் திருப்பிச் செய்தார்கள்.