மகாகவிக்கும் உத்தியோகம் இருந்தது



கொஞ்சம் நீளமான பதிவு. இரவுச் சாப்பாடு முடிந்து ஆறுதலாக இருக்கும்போது வாசியுங்கள்.

பெற்றோர் சந்திப்புகளில் ஆசிரியர்களாகிய நாங்கள் அடிக்கடி கேட்கிற ஒரு வசனம் உண்டு. "இப்ப படிப்பைப் பாக்கட்டும் சேர், மற்றதுகளைப் பிறகு பாப்பம்." மற்றதுகள் என்றால் படம் கீறுவது, பாட்டு, மிருதங்கம், கதை எழுதுவது, நாடகம்.

ஐந்தாம் ஆண்டில் புலமைப்பரிசில் முடியட்டும் என்கிறோம். பிறகு ஓ.எல். பிறகு ஏ.எல். அதற்குப் பிறகு கம்பஸ், வேலை, கலியாணம், வீடு கட்டுவது, பிறகு எங்கள் பிள்ளைகளின் புலமைப்பரிசில். இந்தப் "பிறகு" தள்ளித் தள்ளிக் கடைசியில் பென்சன் எடுக்கும் நாளில் போய் நிற்கிறது. பிள்ளைகளுக்கு மட்டும் நாங்கள் இதைச் சொல்வதில்லை. பாடத் தேவைக்கு மட்டும் பேனா பிடிக்கிற ஆசிரியர்கள், கல்லாவில் இருக்கிற கடைக்காரர், வெங்காயத்துக்குத் தண்ணீர் மாறுகிற தோட்டக்காரர் எல்லோரும் எங்களுக்கு நாங்களே இதைத்தான் சொல்லிக்கொள்கிறோம்.

இந்த வசனத்தை அளவெட்டியில் சொல்லும்போது கொஞ்சம் யோசிக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. ஏனென்றால் இது மகாகவியின் ஊர்.

பாரதியாரைச் சொல்லவில்லை. 1927 இல் இங்கே பிறந்த து. உருத்திரமூர்த்தியைச் சொல்கிறோம். ஈழத்து நவீன கவிதையைப் பற்றி யார் பேசினாலும் முதல் சில பெயர்களுக்குள் அவர் பெயர் வரும். ஆனால் அவர் கவிதையால் சீவித்தவர் அல்ல. அரச சேவையில் எழுதுவினைஞராகச் சேர்ந்தவர். பின்னர் இலங்கை நிர்வாக சேவைக்குத் தெரிவானவர். காலையில் கந்தோருக்குப் போய், மற்றவர்களைப் போல் கோப்புகளைப் பார்த்து, சம்பளம் எடுத்து, குடும்பம் நடத்தியவர். அந்த வாழ்க்கைக்குள் இருந்துதான் 1955 இல் வள்ளி வந்தது. 1966 இல் குறும்பா வந்தது. 1968 இல் கண்மணியாள் காதை. 1970 இல் கோடை என்ற பா நாடகம். பிறகு ஒரு சாதாரண மனிதனது சரித்திரம்.

1971 இல் அவர் காலமானார். வயது 44. பென்சன் எடுக்கிற வயது அவருக்கு வரவே இல்லை. "உத்தியோகத்தை முடித்துவிட்டு ஆறுதலாக எழுதுவோம்" என்று அவர் இருந்திருந்தால் இன்று நாங்கள் பெருமை பேச ஒரு வரிகூட இருந்திருக்காது.

வேலையும் பொறுப்பும் குறைந்த பிறகுதான் கலை என்று வைத்துக்கொண்டால், அந்த நாள் வரும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. வந்தாலும், முப்பது வருடம் கை படாத வயலின் அறுபது வயதில் உடனே பாடாது.

சரி, அவர் பெரிய கவிஞர், எங்களுக்கும் அவருக்கும் என்ன என்று கேட்கலாம். அவர் எழுதியவற்றைப் பாருங்கள். குறும்பா என்பது ஆங்கில லிமரிக்கைத் தமிழுக்குக் கொண்டுவந்த ஐந்தடி வடிவம். கேலியும் சிரிப்புமாகச் சட்டென்று முடிந்துவிடும். நாள் முழுக்க ஓய்வு உள்ளவருக்கு மட்டும் உரிய வடிவம் அல்ல அது. பஸ்ஸுக்கு நிற்கிற நேரத்தில் ஒருவர் மனதுக்குள் கட்டிப் பார்க்கக்கூடியது. கோடை, நாதஸ்வரக் கலைஞர் குடும்பம் ஒன்றை வைத்து எழுதப்பட்டது. தவில் மேதை தெட்சணாமூர்த்தி வாழ்ந்த, நாதஸ்வர வித்துவான் என்.கே. பத்மநாதனைத் தந்த ஊர்க்காரருக்கு அந்தக் கதைக்காக வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. ஒரு சாதாரண மனிதனது சரித்திரம் என்ற பெயரே சொல்கிறது, யாரைப் பற்றி எழுதினார் என்று. அன்றாட வாழ்க்கை அவருடைய எழுத்துக்குக் குறுக்கே நிற்கவில்லை. எழுத்துக்கு வேண்டிய சாமான் அங்கிருந்துதான் வந்தது. வேலையை விட்டுவிட்டு அறைக்குள் பூட்டிக்கொண்டு இருந்திருந்தால் எதைப் பற்றி எழுதியிருப்பார்?

அவர் ஒருவர் மட்டும் அல்ல. அவர் படித்த தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரியை 1910 இல் தொடங்கிய பாவலர் துரையப்பாபிள்ளை பாடசாலையையும் நடத்தினார், பாட்டும் நாடகமும் எழுதினார். யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் சலூன் வைத்திருந்த டொமினிக் ஜீவா 1966 இல் மல்லிகை சஞ்சிகையைத் தொடங்கி நாற்பது வருடங்களுக்கு மேல் நடத்தினார். முடி வெட்டுகிற இடமும் சஞ்சிகை நடக்கிற இடமும் ஒன்றாகவே இருந்த காலம் உண்டு. அவருடைய தண்ணீரும் கண்ணீரும் சாகித்திய மண்டலப் பரிசு பெற்ற புத்தகம். எகிப்தில் நஜீப் மஹ்பூஸ் 1934 இலிருந்து 1971 வரை அரச ஊழியராகவே இருந்தார். கெய்ரோ நகரத்தைப் பற்றிய அவருடைய மூன்று பெரிய நாவல்களும் அந்த உத்தியோகக் காலத்தில் வந்தவை. 1988 இல் நோபல் பரிசு கிடைத்தது.

இப்போது மறுபக்கத்தையும் பேச வேண்டும்.

"2022 க்குப் பிறகு சாமான் விலை தெரியும்தானே, சம்பளம் காணாமல் ரண்டு வேலை செய்யிற மனிசனிட்டப் போய்க் கவிதை எழுதச் சொல்லுறியளோ?" என்று யாரும் கேட்டால் அந்தக் கேள்வி நியாயமானது. பாடசாலை முடிந்து தோட்டம் செய்கிற ஆசிரியர்களும், தோட்டம் முடிந்து ஓட்டோ ஓடுகிற தகப்பன்மாரும் இந்த ஊரில் இருக்கிறார்கள். அவர்களுக்கு நேரத்தைத் திட்டமிடுங்கள் என்று புத்திமதி சொல்வது பிழை. ஆனால் அந்த மனிதனுக்குத்தான் ஒரு பாட்டு, ஒரு புல்லாங்குழல், ஒரு நாடக ஒத்திகை கூடுதலாகத் தேவை. உழைப்பைத் தவிர வேறு எதுவும் இல்லாத நாள், மனிதனை வீட்டில் சினக்காரனாக்கும். களைப்பில் நாங்கள் போனைத் தடவிக்கொண்டு இருக்கிற நேரமும் நேரம்தான். அதில் அரை மணித்தியாலத்தை எடுத்தாலே போதும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. கலை என்ற பெயரில் கடமையை விடுகிறவர்களும் உண்டு. கவியரங்கத்துக்குப் போகிறேன் என்று திருத்தாத கொப்பிகளை அடுக்கி வைக்கிற ஆசிரியர், ஒத்திகை என்று சொல்லி நோயாளித் தாயை மனைவியின் தலையில் விட்டுவிட்டுப் போகிறவர். அதற்கு இந்தப் பதிவைச் சாட்சிக்கு இழுக்க வேண்டாம்.

எங்கள் மார்க்கத்தில் இதற்கு ஒரு நல்ல சம்பவம் இருக்கிறது. புகாரியில் பதிவானது. அபூ தர்தா (ரலி) பகல் முழுக்க நோன்பு, இரவு முழுக்கத் தொழுகை என்று இருந்தார். மனைவியைக்கூடக் கவனிக்கவில்லை. அவரைப் பார்க்க வந்த ஸல்மான் (ரலி) அவரைச் சாப்பிட வைத்தார், தூங்க வைத்தார், இரவின் கடைசியில் சேர்ந்து தொழுதார். இறைவனுக்கு உன்மேல் உரிமை இருக்கிறது, உனக்கும் உன்மேல் உரிமை இருக்கிறது, உன் வீட்டாருக்கும் இருக்கிறது, ஒவ்வொருவருக்கும் உரியதைக் கொடு என்ற கருத்தில் சொன்னார். விஷயம் நபி (ஸல்) அவர்களிடம் போனபோது, ஸல்மான் சொன்னது உண்மை என்றார்கள். வணக்கத்துக்கே அந்த அளவு இருக்கிறது என்றால் உத்தியோகத்துக்கும் கலைக்கும் இல்லாமல் போகுமா? இதில் "உனக்கும் உன்மேல் உரிமை" என்ற பகுதியைத்தான் நாங்கள் எப்போதும் விட்டுவிடுகிறோம்.

அதை எல்லோரையும்விட அதிகமாக விட்டுக்கொடுப்பவர்கள் எங்கள் பெண்கள். ஆண் ஆசிரியர் மாலையில் எழுத இருந்தால் பிளேன்ரீ வரும், "அப்பா எழுதுறார், சத்தம் போடாதையுங்கோ" என்று பிள்ளைகளுக்குச் சொல்லப்படும். அதே பாடசாலையில் அதே சம்பளத்துக்குப் படிப்பிக்கிற ரீச்சர் வீட்டுக்குப் போனதும் அடுப்படிக்குத்தான் போகிறா. அவவுக்கு நேரம் இல்லாமல் போனதற்குக் காரணம் அவவின் சோம்பலும் இல்லை, திட்டமிடாமையும் இல்லை. வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைகளில் தரம் தரமாகச் சித்தியடைந்த எத்தனை பெண்களின் வயலினும் வீணையும் கலியாணத்துக்குப் பிறகு அலுமாரிக்கு மேலே இருக்கின்றன என்று ஒவ்வொரு வீட்டிலும் எண்ணிப் பாருங்கள். அந்த வீட்டில் கிழமைக்கு இரண்டு இரவு ஆண்கள் சமையலைப் பொறுப்பெடுத்தால் அந்த வயலின் கீழே இறங்கும்.

பிள்ளைகளிடம் வருவோம். ஓ.எல்.இல் சித்திரம், சங்கீதம், நடனம், நாடகமும் அரங்கியலும் எல்லாம் பாடங்களாக இருக்கின்றன. நல்ல விஷயம். ஆனால் பல வீடுகளில் அவை "ஒரு ஏ எடுக்கிற பாடம்" மட்டும்தான். சித்திரத்துக்கு ஏ எடுத்த பிள்ளை, பெறுபேறு வந்த நாளோடு தூரிகையைக் கழுவி வைத்துவிடுகிறது. புள்ளி கிடைத்துவிட்டது, இனி எதற்கு? அந்தப் பிள்ளைக்கு நாங்கள் கலையைக் கற்பித்தோமா, பரீட்சையைக் கற்பித்தோமா? புள்ளி இல்லாத, ஒருவரும் திருத்தாத ஒரு கொப்பி ஒவ்வொரு பிள்ளையிடமும் இருக்க வேண்டும். ஏ.எல். படிக்கிற பிள்ளையிடமும்தான். நாளைக்கு அவர் டொக்டராகலாம், வங்கியில் இருக்கலாம், கனடாவில் பனி தள்ளலாம். அந்தக் கொப்பி கூடப் போகும்.

கடைசியாக ஒன்று. இந்தச் சமநிலையை எவரும் தனியாகப் பிடிப்பதில்லை. மகாகவி எழுதினார். அவற்றைப் புத்தகமாக்கிப் பரப்பியவர்களில் முக்கியமானவர் கல்முனைக்குடியைச் சேர்ந்த எம்.ஏ. நுஃமான். மகாகவியை விடப் பதினேழு வயது இளையவர், அப்போது பாடசாலை ஆசிரியர், தானும் கவிஞர். அவரும் நண்பர்களும் கல்முனையில் நடத்திய வாசகர் சங்கம்தான் மகாகவியின் புத்தகங்கள் சிலவற்றை வெளியிட்டது. அவர் மறைந்து இரண்டு வருடத்தில், 1973 இல், வீடும் வெளியும் தொகுதி வந்தது. அளவெட்டிக் கவிஞரின் எழுத்து அழியாமல் இருக்கக் கிழக்கின் முஸ்லிம் ஆசிரியர் ஒருவர் தன் ஓய்வு நேரத்தைக் கொடுத்திருக்கிறார். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. இன்னொருவரின் கலைக்கு நேரம் கொடுப்பதும் ஒரு கலைப்பணிதான் என்பதற்காகச் சொல்கிறோம்.

ஆகவே ஊருக்கு எங்கள் கோரிக்கை சின்னது.

கிழமையில் ஒரு மாலை, ஞாயிறு என்றே வைத்துக்கொள்வோம், பிள்ளைகளை ரியூஷனுக்கு அனுப்பாமல் விடுவோம். அந்த மாலையில் வீட்டில் பெரியவர்களும் தங்களுக்குப் பிடித்த ஒன்றைச் செய்யட்டும். பிள்ளை அதைப் பார்க்கட்டும்.

எங்கள் சனசமூக நிலையங்களில் பத்திரிகை வாசிக்கிற மேசை இருக்கிறது, மின்குமிழ் இருக்கிறது. மாதத்தில் ஒரு இரவு அங்கே கூடுவோம். எழுதியதை வாசிக்கலாம், பாடலாம், கீறியதைக் காட்டலாம். பிரதம விருந்தினர் வேண்டாம், பொன்னாடை வேண்டாம், போட்டி வேண்டாம், பரிசு வேண்டாம். பெண்கள் வரக்கூடிய நேரத்தில் வைப்போம். கூட்டம் முடிந்து கதிரை அடுக்குவதை ஆண்கள் பார்த்துக்கொள்வோம்.

ஆசிரியர்களாகிய எங்களால் செய்யக்கூடியது, வருகிற பெற்றோரிடம் "மற்றதுகளைப் பிறகு பாப்பம்" என்பதற்குத் தலையாட்டாமல் இருப்பது. "இப்பவும் பாப்பம், கொஞ்சமாப் பாப்பம்" என்று சொல்லப் போகிறோம்.

உங்கள் நிலையத்தில் எந்த இரவு வசதி என்று கீழே எழுதுங்கள். அலுமாரிக்கு மேலே என்ன இருக்கிறது என்றும் எழுதுங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதமே தொடங்கலாம்.