ஓடும் காரைப் பிரித்து விற்கலாமா?

ஐம்பது ஆண்டுகளைக் கடந்த கார் ஒன்று விற்பனைக்கு வருகிறது. ஆவணங்கள் சரியாக உள்ளன, இயந்திரமும் ஓடுகிறது. ஆயினும் அதைப் பார்க்க வருவோருள் சிலர் ஓட்டுவதற்காக வாங்குவதில்லை. கிரில், விளக்கு வளையம், ஸ்பீடாமீட்டர், கதவுக் கைப்பிடி என ஒவ்வொன்றாகக் கழற்றி விற்றால், முழுக் காருக்குக் கொடுத்த தொகையைவிடக் கூடுதலாகத் திரட்டலாம் என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கு சரியாகவே இருக்கலாம். ஆனால் அப்படிப் பிரிக்கப்பட்ட கார் மீண்டும் காராகப் போவதில்லை. இந்த வணிகத்தைத் திருத்தும் ஆற்றல் விற்பவரைக் காட்டிலும் வாங்குபவரிடமே மிகுதியாக உள்ளது என்பது என் கருத்து.

எல்லாப் பழைய பாகங்களும் அரியவை அல்ல என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். உத்தரபாரா தொழிற்சாலையில் அம்பாசடர் உற்பத்தி 2014 ஆம் ஆண்டுதான் நின்றது. அரசு அலுவலகங்களிலும் டாக்சி நிலையங்களிலும் பல்லாண்டுகள் உழைத்த வண்டி என்பதால், அதன் இயந்திர பாகங்கள் கொல்கத்தா மல்லிக் பஜாரிலும், தில்லி காஷ்மீரி கேட்டிலும், சென்னை புதுப்பேட்டையிலும் தேடினால் அகப்படும். அதன் 1489 சி.சி. இயந்திரம் பிரிட்டனின் எம்.ஜி.ஏ. என்னும் விளையாட்டுக் காரில் இருந்த இயந்திரத்தின் உடன்பிறப்பு. இந்த உறவை அறிந்தவர் உள்நாட்டில் இல்லாததை வெளிநாட்டில் தேடிக்கொள்வார். இத்தகைய பாகத்தை ‘அரியது’ என்று கூறிப் பன்மடங்கு விலை கேட்டால், சற்றே தயங்குவது நல்லது.

உண்மையில் கிடைக்காதவை வேறு. ஸ்டாண்டர்ட் ஹெரால்டு நல்ல எடுத்துக்காட்டு. அது பிரிட்டனின் டிரையம்ஃப் ஹெரால்டின் இந்திய வடிவம், சென்னையில் உருவானது. பிரிட்டனில் அந்தக் கார் இரண்டு கதவுகளோடு வந்தது. இங்கோ, குடும்பத்தோடு பயணம் செய்யும் நம் வழக்கத்துக்கு ஏற்ப நான்கு கதவுகள் கொண்ட மார்க் 3 வெளிவந்தது. ஆகவே ஹெரால்டின் சஸ்பென்ஷன் பாகத்தை இன்றும் பிரிட்டனிலிருந்து தருவிக்க இயலும். மார்க் 3 காரின் பின்கதவையோ அதன் கண்ணாடியையோ எந்த நாட்டிலிருந்தும் தருவிக்க இயலாது. நம் நாட்டில் எஞ்சியிருக்கும் இன்னொரு மார்க் 3 காரிலிருந்துதான் அவை வரவேண்டும். ஓடுகின்ற ஒன்றைப் பிரித்து அந்தக் கதவை எடுத்தால், ஒரு காரைக் காக்க இன்னொன்றைக் கொன்றதாகிறது. துருவேறி, சட்டகம் ஒடிந்து, மீட்க வழியற்றுக் கிடக்கும் காரைப் பிரிப்பது முற்றிலும் வேறு செயல். அது சேவை, காயலான் கடைக்காரர்களுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டிய சேவை.

வாங்குபவர் இந்த வேறுபாட்டை எப்படி அறிவார்? கேட்டுத்தான் அறிய வேண்டும். எந்த வண்டியிலிருந்து எடுத்தது, அந்த வண்டியின் பதிவுச் சான்றிதழ் என்னவாயிற்று, பிரிப்பதற்கு முன் எடுத்த புகைப்படம் உண்டா என மூன்று கேள்விகள் போதும். இயந்திரத்தையோ சட்டகத்தையோ வாங்குவதானால் இது விருப்பத்தைப் பொறுத்ததன்று. இரண்டின் எண்களும் பதிவுச் சான்றிதழில் இடம்பெறுபவை. வேறு இயந்திரம் பொருத்தினால் அதைப் பதிவு அதிகாரியிடம் முறைப்படி பதிவு செய்ய வேண்டும். திருட்டுப் பொருள் என அறிந்தோ, அவ்வாறு நம்பக் காரணம் இருந்தோ அதை வாங்கி வைத்திருப்பதும் குற்றமே. பாரதிய நியாய சன்ஹிதாவின் 317 ஆம் பிரிவு அதைக் கூறுகிறது. எண் தேய்க்கப்பட்ட இயந்திரத்தை ‘மலிவாகக் கிடைத்தது’ என்று மகிழ்ந்து வாங்குவோரைக் கண்டு எனக்கு வியப்பே மிஞ்சுகிறது.

அசல் தன்மைக்குச் சட்டமும் இப்போது மதிப்பு தருகிறது. 2021 ஆம் ஆண்டு மத்திய அரசு வெளியிட்ட விதிகளின்படி, முதற்பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களைப் பழம்பெரும் வாகனமாகப் பதிவு செய்யலாம். ‘வி.ஏ.’ எனும் எழுத்துகளோடு தனி எண் கிடைக்கும்; புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் சட்டகத்திலும் உடலமைப்பிலும் இயந்திரத்திலும் பெரும் மாற்றம் செய்யப்படாமல் வண்டி மூலவடிவில் இருக்க வேண்டும். முழுதாக நிற்கும் பழைய காருக்கு இதனால் ஒரு தகுதி கிடைத்திருக்கிறது. பிரித்து விற்பவரின் கணக்கில் இந்தத் தகுதிக்கு இடமில்லை.

இனி, ‘பெட்டி பிரிக்காத பழைய இருப்பு’ என்ற பெயரில் வருபவற்றைப் பற்றி. இலச்சினை, விளக்குக் கண்ணாடி, கைப்பிடி போன்றவை அப்படிக் கிடைத்தால் நல்வாய்ப்பே. பிரேக் சிலிண்டரின் ரப்பர் வளையங்கள் அவ்வாறல்ல. ரப்பர், உறை பிரிக்காமல் இருந்தாலும் காலப்போக்கில் இறுகி வெடிக்கும். நாற்பது ஆண்டு உறங்கிய பிரேக் ரப்பரை அலமாரியில் காட்சிக்கு வைக்கலாம். மலைப்பாதையில் குழந்தைகளை ஏற்றிச் செல்லும் காரில் பொருத்தக் கூடாது. இவற்றைப் புதிதாகச் செய்த நகலாக வாங்குவதே அறிவுடைமை. நகலைக் குறைவாக நினைக்கும் மனப்பான்மை நம்மிடம் இருக்கிறது. நகலை அசல் என்று விற்பதுதான் தவறு; நகல் என்றே சொல்லி, தரமாகச் செய்து விற்பவர்கள் பெருகினால், ஓடும் கார்களைப் பிரிப்பதற்கான தேவையும் குறையும்.

பணம் கைமாறும் இடத்திலும் ஒரு சொல். அரிய பாகத்தைத் தேடுபவரின் ஆவலே ஏமாற்றுவோரின் மூலதனம். ‘இன்னொருவர் காத்திருக்கிறார், முன்பணம் அனுப்புங்கள்’ என்ற அவசரத்துக்கு இணங்க வேண்டாம். பாகத்தின் எண் தெரியும்படி, அன்றைய செய்தித்தாளை அருகில் வைத்துப் புகைப்படம் கேளுங்கள். விற்பவராயின், பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. ரகசிய எண்ணை உள்ளிடத் தேவையே இல்லை என்பதை நினைவில் கொள்ளுங்கள். உள்ளிடச் சொன்னால் பணம் உங்கள் கணக்கிலிருந்து போகிறது என்று பொருள். ஏமாற்றப்பட்டால் 1930 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும். தாமதிக்கத் தாமதிக்க, பணத்தை இடையில் நிறுத்தும் வாய்ப்பு குறையும்.

ரொக்கமாகக் கொடுத்து ரசீது இல்லாமல் வாங்கினால் விலை சற்றுக் குறையும் என்று சொல்லும் கடைகள் உண்டு. அந்தக் குறைந்த விலை பின்னாளில் கூடுதலாகவே முடியும். ஐந்து ஆண்டுகளைக் கடந்த வாகனத்துக்கும், உற்பத்தி நின்றுபோன மாதிரிக்கும் காப்பீட்டு மதிப்பு அட்டவணைப்படி அமைவதில்லை; காப்பீட்டு நிறுவனமும் உரிமையாளரும் பேசி ஒப்புக்கொள்வது. அந்தப் பேச்சில், காருக்கு இவ்வளவு செலவிட்டேன் என்பதற்கு உங்கள் கையில் இருப்பது வங்கிக் கணக்கு விவரமும் ரசீதுகளும் புகைப்படங்களும்தான். இவற்றை ஒரே கோப்பில் சேர்த்து, காரை விற்கும் நாளில் சாவியோடு அந்தக் கோப்பையும் அடுத்தவருக்குக் கொடுத்துவிடலாம்.