பிடிமண் கொடுப்போம்

போன ஐப்பசியில் என் நாட்டு அவரை விதையில் முக்கால்வாசி பூசணம் பிடித்துப் போச்சு. நாலு வருசமா வெளியில் வாங்காமல், கொடியிலேயே முற்றவிட்டு எடுத்துக் காப்பாற்றிய விதை. நல்லாத்தான் காய்ந்திருக்கு என்று நினைத்து, நீலக் கலர் பிளாஸ்டிக் டிரம்மில் கொட்டி, மூடியை இறுக்கி, வீட்டு மூலையில் வைத்துவிட்டேன். திறந்து பார்த்தால் மூடிக்கு அடியில் முத்து முத்தாக வேர்த்திருக்கிறது. விதைக்குக் காய்ச்சல் பத்தவில்லை. உள்ளே நின்ற ஈரத்துக்கு வெளியே போக வழியும் இல்லை.

தப்பு என்னுடையதுதான். பழியை டிரம் மேல் போட மாட்டேன். நன்றாகக் காய்ந்த விதைக்குக் காற்றுப் புகாத டிரம்மும் சரிதான். ஆனால் மூல வைகைக் கரையில் மானாவாரியோடு மல்லுக்கட்டுகிற நம்மைப் போன்ற ஆட்கள் மேகமூட்டத்தில் அறுத்து, கிடைத்த வெயிலில் காய வைத்து, அவசரத்தில் அள்ளி வைக்கிறவர்கள். நம்முடைய இந்தக் குறையைத் தாங்கிக்கொள்ளத்தான் மண்பானை இருந்தது.

எங்கள் வீட்டில் அடுப்புக்கு நேர் மேலே பரண். அதில் அடுக்குப்பானை. அம்மா விதையைச் சாம்பலோடு கலந்து, நொச்சி இலையோ வேப்பிலையோ போட்டு, வாயை மூடி, சாணியும் மண்ணும் குழைத்துப் பூசி வைப்பார்கள். சுட்ட மண்ணில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. மிச்ச ஈரம் அது வழியாக மெள்ள வெளியேறும். மழைக்காலத்தில் வெளி ஈரம் உள்ளே இறங்காமல் இருக்கத்தான் சாணிப் பூச்சும் அடுப்புச் சூடும். நெல்லுக்கும் சோளத்துக்கும் குலுக்கை, பயறுக்கும் அவரைக்கும் பானை. இதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரியும். விதைத் திருவிழாவில் நின்று பேசியும் இருக்கிறேன். ஆனாலும் வீட்டில் டிரம்தான் இருந்தது.

நம் திருவிழாக்களையே பாருங்கள். பாரம்பரிய விதைகளை மண்சட்டியில் அழகாகப் பரப்பி வைக்கிறோம். போட்டோ எடுத்து முடிந்ததும் அதே விதையைப் பாலித்தீன் பையில் கட்டி எடுத்து வருகிறோம். விதையை மீட்டுவிட்டோம் என்று பெருமை பேசுகிற நாம், விதை குடியிருந்த வீட்டைக் கைவிட்டுவிட்டோம். அந்த வீட்டைக் கட்டிக் கொடுத்த ஆளையும் சேர்த்து.

பூசணம் பிடித்த அவரையைக் குப்பைக்குழியில் கொட்டிவிட்டு, பக்கத்தில் இன்னும் சக்கரம் சுற்றுகிற ஒரு பெரியவரைத் தேடிப் போனேன். வயசு எழுபதைத் தாண்டிவிட்டது. திண்ணையில் கார்த்திகைக்கு அகல் காய்ந்துகொண்டிருந்தது.

"ஐயா, விதை போட்டு வைக்க ஆறு பானை வேணும்."

"செஞ்சுரலாம் தம்பி. மண்ணுக்கு என்ன செய்ய?"

"கண்மாய்ல மண்ணு இல்லையா?"

"கிடக்கு. எடுக்க விடணும். எடுத்தாலும் கொண்டாந்து சேக்கணும்ல?"

வேலை எப்படிப் போகுது என்று கேட்டேன். கார்த்திகைக்கு அகல், பொங்கலுக்குப் பானை, அம்மன் பொங்கலுக்குத் தீச்சட்டி, துட்டி வீட்டுக்குக் கொள்ளிச்சட்டி. அவ்வளவுதான் என்றார். "சாமிக்கும் சாவுக்கும்தான் நம்ம நினைப்பு வருது சனங்களுக்கு." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மண்பாண்டம் என்றதும் இப்போது எல்லாரும் கீழடி என்கிறார்கள். சொல்ல வேண்டியதுதான். 2013-14இல் இந்தியத் தொல்லியல் துறையின் அமர்நாத் ராமகிருஷ்ணன் தலைமையிலான குழு வைகையின் இரு கரைகளையும் அலசி, நம் வருசநாட்டுப் பக்கத்து மலையில் ஆறு பிறக்கும் இடம் முதல் கடலில் சேரும் ஆற்றங்கரை வரை 293 தொல்லியல் இடங்களைக் கண்டது. அதில் ஒன்றுதான் கீழடி. தமிழ்நாடு அரசு 2019இல் வெளியிட்ட அறிக்கை, அந்த ஊரின் காலத்தைக் கி.மு. 6ஆம் நூற்றாண்டுக்குக் கொண்டு போனது. தமிழி எழுத்துள்ள 56 பானை ஓடுகளை அந்த அறிக்கை பேசியது. ஆதன், குவிரன் என்று பானையில் பேர் கீறி வைத்திருக்கிறார்கள். வெளியே சிவப்பும் உள்ளே கறுப்புமாகச் சுடத் தெரிந்திருக்கிறது. சூளைக்குள் எந்தப் பக்கத்துக்குக் காற்று போகணும், எந்தப் பக்கத்துக்குப் போகக் கூடாது என்று கணக்குத் தெரிந்தவன் செய்த வேலை அது.

2023 மார்ச்சில் கீழடியில் அருங்காட்சியகம் திறந்தார்கள். கூட்டமாகப் போய்ப் பார்க்கிறோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிற உடைந்த ஓட்டைப் பார்த்து நெஞ்சை நிமிர்த்துகிறோம். அதே ஆற்றின் தலைமாட்டில், அதே வேலையைக் கையில் வைத்திருக்கிற மனுசன் மண்ணுக்கு வழியில்லாமல் உட்கார்ந்திருக்கிறார். 2,600 வருசத்துக்கு முந்தைய பானையைக் கொண்டாடிவிட்டு இன்றைய பானையை வாங்காமல் விடுவது என்ன நியாயம்?

இதே வைகையில் கீழே மானாமதுரை இருக்கிறது. கடம் என்றால் மானாமதுரைக் கடம்தான் என்று வித்வான்கள் தேடி வருகிற ஊர். அந்த மண்பாண்டத்துக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே வருசம்தான் நம் கம்பம் பன்னீர் திராட்சைக்கும் கிடைத்தது. நல்ல விசயம். ஆனால் குறியீடு பேரைத்தான் காக்கும். மண்ணைக் கொண்டுவந்து வாசலில் கொட்டாது. மண்ணுக்கு வேறு வழி பார்க்கணும். அந்த வழி உழவர்களான நம் கையில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

ஏன் என்று சொல்கிறேன். கோடையில் கண்மாய் வற்றியதும் நாம் கரம்பை அடிக்கிறோம். குயவரும் அதே கண்மாய்க்குத்தான் வருவார். நமக்கு மேலே படிந்த வண்டல் வேணும், அவருக்கு அதற்குக் கீழே பசையாக இறுகிக் கிடக்கும் களி வேணும். இரண்டு பேரும் அள்ளினால் கண்மாய் ஆழமாகும், தண்ணீர் நிற்கும். ஒருத்தர் வேலை இன்னொருத்தருக்குக் கெடுதல் இல்லை.

சட்டமும் இடம் கொடுக்கிறது. நீர்நிலைகளில் கட்டணமில்லாமல் மண் எடுக்க வட்டாட்சியரே அனுமதி கொடுக்கலாம் என்று 2024இல் அரசு நடைமுறையை எளிதாக்கியது. நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90 கன மீட்டர், மண்பாண்டத் தொழிலுக்கு 60 கன மீட்டர். வீடோ நிலமோ அதே வட்டத்தில் இருக்கணும், இ-சேவையில் விண்ணப்பிக்கணும், மாவட்ட அரசிதழில் பேர் வந்த நீர்நிலையாக இருக்கணும்.

காகிதத்தில் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் எழுபது வயசுக்காரர் இ-சேவை மையத்தில் நின்று, அனுமதி வாங்கி, அதற்குப் பிறகு மண்ணைக் கொண்டு வரணும். டிராக்டர் ஒரு நடைக்கு மூன்று கன மீட்டர் என்று வைத்தாலும் 60 கன மீட்டருக்கு இருபது நடை. வெட்ட இயந்திர வாடகை தனி. அகல் விளக்கு விற்று அதை எப்படிக் கொடுப்பார்? மழைக்காலத்தில் சூளை போட முடியாத நாட்களுக்கு அரசு தரும் 5,000 ரூபாய் நிவாரணம் அரிசி பருப்புக்கே சரியாகிவிடும். இன்னொரு சங்கடமும் உண்டு. அரசிதழில் வந்த கண்மாயில் வண்டல் இருக்கும், பானைக்கு ஆகிற களி இருக்காது. எந்தக் கண்மாயில் எந்த மடைப்பக்கம் என்ன மண் கிடக்கிறது என்பது அவருக்குத் தெரியும். பட்டியல் போடும்போது அவரை யாரும் கேட்பதில்லை.

இந்த இடத்தில் சிலர் "அந்தக் காலத்தில் எவ்வளவு ஒற்றுமையாக இருந்தோம்" என்று ஆரம்பிப்பார்கள். கொஞ்சம் நிறுத்திப் பேசுவோம். களத்தில் நெல் அளக்கும்போது குயவருக்கும் ஒரு பங்கு அளந்தது உண்மை. அது எவ்வளவு என்று முடிவு செய்தது நாம், அவர் இல்லை. விளையாத வருசம் அவருக்கும் பட்டினி. பிறப்பால் தொழிலைக் கட்டி, மகனும் சக்கரத்திலேயே கிடக்கணும் என்று வைத்ததும் அந்தக் காலம்தான். பெரியவரின் மகன் லாரி ஓட்டுகிறார். மாதாமாதம் சம்பளம் வருகிறது. அவரைப் பார்த்து "பாரம்பரியத்தை விட்டுட்டியேப்பா" என்று சொல்ல நமக்கு எந்த உரிமையும் இல்லை. நம் பிள்ளைகளில் எத்தனை பேர் உழுகிறார்கள்?

அதனால் நான் கேட்பது பழைய ஏற்பாட்டை அல்ல. நல்ல விலையை. பானையை நூறு ரூபாய்க்குப் பேரம் பேசிவிட்டு, அதே கையால் ஆயிரம் ரூபாய்க்கு டிரம் வாங்குகிற பழக்கத்தை விடுவதை. களி எடுத்து, காய வைத்து, உடைத்து, ஊற வைத்து, கல் பொறுக்கி, மணல் சேர்த்து மிதிக்கணும். சக்கரத்தில் வாயும் கழுத்தும்தான் வரும். அடிப்பாகம் திறந்தே இருக்கும். அப்புறம் உள்ளே கல்லை அண்டக் கொடுத்து, வெளியே பலகையால் தட்டித் தட்டி அடியை மூடணும். நிழலில் காய வைத்து, சூளை அடுக்கி, சுட்டு எடுப்பதற்குள் சிலது உடையும். இத்தனைக்கும் கூலி போட்டுப் பாருங்கள். நான் ஆறு பானைக்கு, பானை 350 ரூபாய் என்று கொடுத்தேன். அதுவே குறைச்சல் என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

வாங்குவதற்கு நமக்குத் தேவையும் நிறைய இருக்கிறது. விதைப்பானை ஒன்று. பஞ்சகவ்யத்துக்கு வாயகன்ற மண்பானை நல்லது என்று நாமே சொல்லிக் கொடுக்கிறோம், செய்வது பிளாஸ்டிக்கில். எல்லாவற்றையும் விடப் பெரியது பானைப் பாசனம். ஐந்து, ஆறு லிட்டர் பானையைக் கழுத்து வரை புதைத்து, தண்ணீர் ஊற்றி மூடிவிட்டால், சுற்றி மண் காயக் காய அது கசிந்து கொடுக்கும். மண் ஈரமாக இருந்தால் கசிவு தானாகக் குறையும். சீனாவில் ஃபான் ஷெங்ஜியின் வேளாண் நூலில் 2,000 வருசத்துக்கு முன்பே இந்த முறை இருக்கிறது. பெரியாற்றுத் தண்ணீர் கம்பம் பள்ளத்தாக்குக்குத்தான். வருசநாடு, மயிலாடும்பாறை, கடமலைக்குண்டு பக்கம் மூல வைகையை நம்பித்தான் பிழைப்பு, அதுவும் கோடையில் மணலாகக் கிடக்கும். இங்கே புதுசாக வைத்த முருங்கைக்கும் தென்னங்கன்றுக்கும், சுரை, பீர்க்கு, பூசணிக்கும் இதைவிடச் சிக்கனமான பாசனம் எது?

ஆனால் கடையில் விற்கிற பெயின்ட் அடித்த பானை இதற்கு ஆகாது. துளை அடைபட்டுவிடும். உப்புத் தண்ணீர் ஊற்றினாலும் சில வருசத்தில் அடைத்துக்கொள்ளும். எவ்வளவு மணல் சேர்க்கணும், எவ்வளவு சுடணும் என்று தெரிந்த ஆளிடம் சொல்லித்தான் செய்யணும். அந்தக் கணக்கு ஏட்டில் இல்லை, அந்தப் பெரியவர் கையில் இருக்கிறது. அவர் காலத்துக்குள் யாராவது கற்றுக்கொள்ளணும். எந்தச் சாதிப் பிள்ளையாக இருந்தாலும் சரி, பெண்பிள்ளையாக இருந்தாலும் சரி, சோறு போடும் என்று தெரிந்தால் வருவார்கள்.

நம் பக்கத்து ஊர்களில் அய்யனாருக்குப் புரவி எடுப்பு நடக்கும்போது முதல் சடங்கு என்ன? பிடிமண் கொடுப்பது. ஊர் கூடி, ஒரு பிடி மண்ணை மரியாதையோடு வேளார் கையில் கொடுக்கும். அதற்குப் பிறகுதான் குதிரை செய்ய ஆரம்பிப்பார். மண் ஊருடையது, ஊர் கொடுத்தால்தான் அவர் செய்ய முடியும் என்று நம் முன்னோருக்குத் தெரிந்திருக்கிறது. சாமிக்குச் செய்கிற அதே காரியத்தை விதைக்கும் செய்வோம் என்கிறேன்.

உழவர் நண்பர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். வரும் கோடையில் கரம்பைக்கு விண்ணப்பம் போடும்போது, உங்கள் ஊரில் மண்பாண்டம் செய்கிறவர் இருந்தால் அவர் விண்ணப்பத்தையும் கூடவே எழுதிக் கொடுங்கள். உங்கள் டிராக்டர் இருபது நடை போனால், இரண்டு நடை அவர் வாசலுக்குப் போகட்டும். கிராமசபையில் எந்தக் கண்மாயில் களி இருக்கிறது என்று அவரைப் பேசச் சொல்லி, அதைப் பட்டியலில் சேர்க்கத் தீர்மானம் போடுங்கள். நம் இயக்கக் குழுக்கள் வருசத்துக்கு எத்தனை விதைப்பானை, எத்தனை பாசனப் பானை வேணும் என்று தை மாதமே கணக்கெடுத்து முன்பணம் கொடுக்கட்டும்.

என் பங்குக்குப் பெரியவரிடம் பேசிவிட்டேன். விண்ணப்பத்துக்கு வேண்டிய அவருடைய ஆதார் நகல் என் பையில் இருக்கிறது. மிஞ்சிய கால்வாசி அவரை இப்போது அவர் செய்த பானையில், பரணில் இருக்கிறது. ஆடியில் விதைத்துப் பார்த்துவிட்டு எத்தனை முளைத்தது என்று எழுதுகிறேன்.